நாலு கேள்விக்குறி

ராகவேந்திரன் சார் எங்கள் கடையின் கம்ப்யூட்டர் ஆள். தி. நகரில் சிதம்பரநாதன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு மயிலாப்பூரிலிருந்து பதினோரு வருஷமாக வருகிறார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பில் போடும் நான் உட்பட எல்லோரும் அவருக்கு "ஏம்மா", "ஏம்ப்பா" தான்.

காலையில் வந்ததும் தமிழில் பெயரை அடித்து வருகை பதிய வேண்டும் என்பது அண்ணாச்சி வைத்த சட்டம். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றே, இல்லாவிட்டால் மறந்துவிடுவோமாம். போன ஆவணியில் சார் எங்கள் கணக்குகளைப் புது கம்ப்யூட்டருக்கு மாற்றினார். பழையதை அழித்தார். சோதித்தது தன் கணக்கை மட்டும். அது ஒன்றுதான் இங்கிலீஷில் இருந்தது.

மறுநாளே, லீவில் இருந்த விற்பனைப் பெண் கமருக்கு வருகை விழுந்தது. கேமராவில் பார்த்தால் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன் நின்றவள் பட்டுப் பிரிவு ஜலஜா, கமரின் தோழி. காலையில் சாமி கும்பிட எல்லோரும் கூடியிருந்த இடத்திலேயே விசாரணை.

"நான் எம் பேரைத்தான் அடிச்சேன் அண்ணாச்சி."

அண்ணாச்சி சாரைப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லாது" என்றார் சார். ஜலஜா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தனக்குப் போடாமல் அடுத்தவளுக்கு மட்டும் யாராவது வருகை போடுவார்களா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

மத்தியானம் பாதிக் கடைக்கு வருகையே இல்லையென்று தெரிந்து சார் கணக்குகளைத் திறந்தார். பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. தமிழ் தெரியாத அமைப்பில் ஏற்றிவிட்டார். அது துணைக்காலையும் புள்ளியையும்கூடத் தனியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. கமருக்கு நாலு, ஜலஜாவுக்கும் நாலு. அடிக்கும் பெயரும் அப்படியே மாறியதால், இருவரில் யார் அடித்தாலும் பட்டியலில் முதலில் இருந்த கமரின் கணக்குதான் திறக்கும்.

சார் இதை மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஆதம்பாக்கம் போய் ஜலஜா வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொன்னார்.

"அத்தினி பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டு, இங்க வந்து தனியா சொல்றியே சார். இன்னா நியாயம் இது?"

மறுநாள் கும்பிடு முடிந்ததும் சார் முன்னால் வந்தார். "ஜலஜா பொய் சொல்லலை. தப்பு என்னோடது. தெரிஞ்சும் மூணு நாள் வாயை மூடிண்டு இருந்தேன். வெக்கமா இருக்கு." அண்ணாச்சி அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அழிந்த பெயர்கள் திரும்பவில்லை. சார் ஒரு நோட்டுடன் ஒவ்வொருவரிடமும் வந்தார்.

"உம் பேர் என்னம்மா?"

"ஷண்முகப்ரியா, சார். உங்க டேபிளுக்கு எதிர்லதான் பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன்."

தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். ஜலஜாவிடம் போனபோது கேட்கவில்லை, எழுத ஆரம்பித்தார். அவள் நோட்டை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள். அடுத்த வரியில், இன்னும் லீவில் இருந்த கமரின் பெயரையும் எழுதினாள்.

"ரெண்டு பேர் சார்" என்று நோட்டை நீட்டினாள். "பாத்துக்கோ."