பஸ் முழுக்கத் தும்மல்

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி வெயிலில், திருச்சுழியிலிருந்து வீரசோழன் போகும் பஸ்ஸில் நடந்தது இது.

வீட்டோடு சின்ன மிஷின் போட்டு மிளகாய்த்தூள் அரைத்து விற்று வந்தேன். எதிர்வீட்டு ஆடு, நான் தூக்கிப்போட்ட பாலிதீன் பையைத் தின்றுவிட்டு மூன்று நாள் சுருண்டு கிடந்தது. பிழைத்துக்கொண்டது என்றாலும் எனக்கு மனசே ஆறவில்லை. அருப்புக்கோட்டைத் தறிக்கூடங்களில் மிஞ்சும் துண்டுத் துணியை வாங்கி, பாலிதீனுக்குப் பதிலாகத் தூள் அடைக்கப் பை தைத்தேன். "ஆட்டுக்காக யாவாரத்தையே மாத்துறவ நீ ஒருத்திதான்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். வீரசோழன் கடைக்காரர் முதல் லோடைப் பார்த்துத்தான் முடிவு சொல்வதாக இருந்தார். அவர் வேண்டாம் என்றால் மறுபடி பாலிதீன்தான் என்று வீட்டில் பேச்சு.

அந்த முதல் லோடோடுதான் பஸ் ஏறியிருந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். ஜன்னல் காற்றில் தூள் கிளம்பி, டிரைவர் முதல் கைக்குழந்தை வரை தும்மல்! கண்டக்டர் விசில் ஊதக்கூட முடியாமல் பஸ்ஸைத் தட்டி நிறுத்தினார்.

"யாரு லோடுய்யா இது?"

நானோ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பவளைப்போல உட்கார்ந்திருந்தேன். முந்தானையெல்லாம் சிவப்பாக இருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

லுங்கி மூட்டையோடு பின்னால் இருந்த நெசவாளர் ஒருவர் எழுந்து வந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பையைத் தடவிப் பார்த்தார்.

"துணி நல்ல துணிதாம்மா. கஞ்சி போடாமத் தச்சுப்புட்டீக. நாங்க தறியில ஏத்துற பாவு நூலுக்கே கஞ்சி போடுவோம். மைதாவக் காய்ச்சி ரெண்டு பக்கமும் பூசி, காயவச்சுத் தைங்க. இழைக்கு நடுவுல சந்து அடைஞ்சு போகும்."

சொல்லி முடிப்பதற்குள் நாலு தும்மல். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீடு திரும்பினேன். மறுவாரம் கஞ்சிப் பைகளோடு போனேன். கடைக்காரர் ஒரு பையை எடுத்துத் தன் வெள்ளைச் சட்டைமேல் ஓங்கி ஓங்கித் தட்டினார். ஒரு பொட்டுச் சிவப்பில்லை. "மாசாமாசம் கொண்டாங்கம்மா" என்றார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போதும் என்னால் யாராவது சிரமப்பட்டால் முகத்தை மூடிக்கொள்வதில்லை; நேரே அவரிடம் போய், எங்கே தப்பு என்று கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் என் பையில் இருந்த ஓட்டை முதலில் தெரிந்தது தும்மியவருக்குத்தான்.