வழுக்குப் பாறையில் பதினொரு நிமிடம்: மலிவு டயரும் பெயர்பெற்ற டயரும்

போன ஐப்பசியில் என் வண்டியின் இரண்டு டயர்களும் ஒரே சமயத்தில் தேய்ந்து முடிந்தன. நான் சொல்லப்போகும் பயணத்துக்கும் இந்தப் பதிவுக்கும் அதுதான் காரணம்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நூலை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, எந்த அளவு இழுவையில் அறுகிறது என்று பார்த்து எழுதுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலையடிவாரத்து மண் பாதைகளில் வண்டி ஓட்டுவேன். கூட வருவது சுந்தர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிற்பாடு என் தங்கையைக் கட்டிக்கொண்டதால் எனக்கு மாப்பிள்ளையும் ஆகிவிட்டான். இருவருக்கும் ஒரே ரக வண்டி, 200 சிசி. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18.

சுந்தரின் டயர்களும் தேய்ந்திருந்தன; அவன் ஊரறிந்த கம்பெனி டயர் வாங்கினான். ஜோடி 9,600 ரூபாய். நான் இணையத்தில் தேடி, அதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் டயரை வாங்கினேன். ஜோடி 4,700, வீட்டுக்கு வந்து சேரும் செலவோடு. படத்தில் பார்க்க என்னுடையதுதான் முரட்டுத்தனமாக இருந்தது. மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி அளவு. இரண்டு பேரும் ஒரே சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஜெபராஜ் அண்ணன் கடையில் மாட்டினோம். சக்கரத்துக்கு 150 ரூபாய் கூலி.

என் டயரை ரிம்மில் ஏற்றுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. "அண்ணாச்சி, பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரப்பரு என்ன இம்புட்டு வெறப்பா இருக்கு? ஏத்துறதுக்குள்ள எங்கையி போச்சே," என்றார்.

"புதுசுல்லா, ஓட ஓட எளகிரும்," என்று நானே அவருக்குச் சமாதானம் சொன்னேன். தினமும் நூலைச் சோதிப்பவன், என் உயிரைத் தாங்கப்போகிற ரப்பரைக் கையால் அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை 6.10க்கு ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பினோம். திட்டம் எளிது. ஒரே நாளில் காய்ந்த சரளை, சேறு, ஈரப் பாறை மூன்றிலும் ஓட்டி, எந்த டயர் தேறுகிறது என்று பார்ப்பது. முதல் கட்டம் ஆலங்குளம், 24 கிலோமீட்டர், 45 நிமிடம். தார்ச்சாலையில் என் டயர் தேனீக்கூடு கலைந்ததுபோல் ஒரே இரைச்சல். போகப் போகப் பழகிவிட்டது.

ஆலங்குளம் தாண்டி, சுண்ணாம்புக்கல் வெட்டிய பகுதிக்கு வெளியே மாட்டு வண்டிகளும் டிராக்டர்களும் போகிற வெள்ளைப் பாதை ஒன்று இருக்கிறது. முன்னே 20, பின்னே 22 என்று காற்றைக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம். சரளையில் என் மலிவு டயர் ஒரு குறையும் வைக்கவில்லை. அடுத்தது கரிசல் காடு. இரண்டு நாள் மழையில் ஊறிக் களியாகிக் கிடந்தது. சுந்தர் டயரில் கட்டைகள் நெருக்கம். சேறு அப்பிக்கொண்டு சக்கரமே உருண்டையாகிவிட்டது. என்னுடையதில் இடைவெளி அதிகம் என்பதால் சேற்றைத் தானே உதறிக்கொண்டு போனது. அவன் நடுக்காட்டில் மாட்டிக்கொண்டான். நான் இறங்கித் தள்ளினேன்.

"என்ன மாப்ள, ஒம்பதாயிரத்து அறுநூறும் சேத்துக்குள்ள கெடக்கு?"

"சிரி மச்சான், நல்லாச் சிரி. இன்னும் மலைப்பக்கம் போகலல்ல," என்றான், முகமெல்லாம் சேறாக.

ஆலங்குளத்தில் இட்லி, வடை, காபி. இருவருக்கும் 130 ரூபாய். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 26 கிலோமீட்டர். அங்கே மதியச் சாப்பாட்டை முடித்து ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியது. மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணி வரை ஓட்டல் வாசலில் நின்றோம். இந்த இடத்தில்தான் நாங்கள் திரும்பி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு மூன்று மணிக்கு மேல் கிளம்புவது தப்பு என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஆனால் காலையில் ஜெயித்த மிதப்பு எனக்கு. தோற்றதைச் சமன் செய்யும் அவசரம் அவனுக்கு.

வத்திராயிருப்பு வந்தபோது 3.40. தேநீர்க்கடை வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தவன் கிளாஸைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். மழை விட்ட மேற்குமலை அப்படி ஒரு கழுவின பச்சையில் இருந்தது. மேகம் துண்டு துண்டாகப் பிய்ந்து மலை இடுக்குகளில் தங்கியிருந்தது. மற்ற நாட்களில் வெறும் பாறையாகத் தெரியும் சரிவுகளில் வெள்ளைக் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எண்ணினேன், ஒன்பது அருவிகள். அவற்றில் எதற்கும் பெயர் கிடையாது. அந்த மழைக்கு வந்து அந்த மழையோடு போகிறவை.

ஊரிலிருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர், மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே பஞ்சாயத்து மண் பாதை. காட்டு எல்லைக்கு வெளியே உள்ள பட்டா நிலம். பகலில் யாரும் போகலாம். முடிவில் ஓர் ஓடை பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. ஓடையில் பாலம் இல்லை. இருபது அடி அகலத்தில் ஒரே கருங்கல் பாறை, லேசான சரிவு. அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் தேடி வந்த ஈரப் பாறை அதுதான். மணி 4.40.

சுந்தர் முதலில் இறங்கினான். ஒரே சீராகப் போய் அக்கரை ஏறினான். நான் பின்னாலேயே இறங்கினேன். பாறையின் நடுவில் இருக்கும்போது, அக்கரையில் இருபது அடி தள்ளி அவன் சட்டென்று நின்று, திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினான். நான் முன் பிரேக்கைப் பிடித்தேன்.

சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. முன் டயர் ஐஸ்கட்டி மேல் போவதுபோல் அப்படியே பக்கவாட்டில் ஓடிவிட்டது. இடது பக்கம் விழுந்தேன். விழும்போதே கட்டைவிரல் தானாக எஞ்சினை அணைத்துவிட்டது. கணுக்கால் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. சுந்தரைத் திட்ட வாயைத் திறந்தேன்.

"அசையாதீய அண்ணாச்சி. சத்தம் குடுக்காதீய."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், மூச்சுவிடுகிற அளவுக்குத்தான். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். எனக்கு நாலு எட்டு பின்னால், கரையில் மாமரத்தோடு மரமாக ஒட்டி நின்றுகொண்டிருந்தார் ஒரு அம்மா. அந்தத் தோப்பைக் காவல் காக்கிறவர், பெயர் பேச்சியம்மாள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கையால் மேலே காட்டினார்.

ஓடையின் மேல் பக்கம், நாற்பது எட்டு தூரத்தில், நாணலை விலக்கிக்கொண்டு ஒரு யானை வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. ஆறு பெரியவை, ஒரு குட்டி. எனக்கும் சுந்தருக்கும் நடுவில் அவற்றின் வழி. அவனால் என்னிடம் வர முடியாது. என்னால் எழ முடியாது. டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக என் தொடைப் பக்கம் விழுந்து தண்ணீரோடு போனது. அந்த வாடை அவற்றுக்குப் போனால் என்ன ஆகும்? என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் முகம் வந்தது.

"காத்து அங்கிட்டிருந்து நம்ம பக்கம் அடிக்கி. நம்ம வாடை போவாது. செத்த நேரம் அப்படியே கெடங்க, அதுக பாட்டுக்குப் போயிரும்," என்றது அந்தக் குரல்.

முதல் யானை ஓடையோடு இறங்கி வந்து, அக்கரையை ஒட்டிப் பாறையில் கால் வைத்தது. நான் தரையோடு தரையாகக் கிடந்ததால் என் கண்ணுக்கு நேரே அதன் பாதம்தான். முதலில் மெதுவாகத் தொட்டது. பிறகு பாரத்தை ஏற்றியது. ஏற்ற ஏற்ற அந்தப் பாதம் மாவுருண்டையை அமுக்கியதுபோல் அகலமாக விரிந்தது. பாறையின் மேடு பள்ளமெல்லாம் அதற்குள் போய்ப் பதிந்தது. காலைத் தூக்கியபோது மறுபடி சுருங்கிப் பழைய அளவுக்கு வந்தது. முன்னங்கால் வைத்த அதே இடத்தில் பின்னங்கால். அத்தனை பெரிய உடம்பு, நூற்றைம்பது கிலோ வண்டியையும் என்னையும் தூக்கி எறிந்த அந்தப் பாறையில், சத்தமே இல்லாமல் நடந்தது. ஓடைத் தண்ணீரின் சலசலப்புதான் கேட்டது. பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

நாலாவதாக வந்த குட்டிக்கு வழுக்கிவிட்டது. பின்னங்கால் இரண்டும் விரிய அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. எழுந்தது, மறுபடி வழுக்கியது. பக்கத்தில் வந்த பெரியது நின்று, தும்பிக்கையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, முன்னங்காலால் பின்புறத்தை லேசாக முட்டியது. குட்டி ஒரே எம்பலில் ஏறி, எதுவும் நடக்காததுபோல் ஓடியது. சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியாக வந்தது மட்டும் பாறை நடுவில் நின்றுவிட்டது. தும்பிக்கையை உயர்த்தி எங்கள் பக்கம் நீட்டியது. காது இரண்டும் விரிந்தன. அதன் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. காது மடிந்தது. திரும்பி மற்றவற்றின் பின்னால் போனது. தென்னை மட்டைகள் அசைந்து அடங்கின.

மொத்தம் பதினொரு நிமிடம் என்றான் சுந்தர், பிறகு. ஓடி வந்தவனும் பேச்சியம்மாளும் சேர்ந்துதான் வண்டியைத் தூக்கினார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பு தப்பியது.

"இந்த நேரத்துல என்ன சோலிக்கு இங்க வந்தீய?" என்று கேட்டார் பேச்சியம்மாள்.

டயர் சோதிக்க வந்தோம் என்றான் சுந்தர். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நல்ல சோதனதான் போங்க," என்றார். பிறகு, போன வாரம் அவை முப்பது தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டதைச் சொன்னார். "கோவமா வரும் அண்ணாச்சி. ஆனா குட்டியோட நடக்கையில பாத்தேம்னா மறந்துபோவும். நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

அங்கேயே என் கட்டைவிரல் நகத்தை இரண்டு டயர்களிலும் அழுத்திப் பார்த்தேன். சுந்தர் டயரில் நகத்தடம் பதிந்து மெதுவாக மறைந்தது. என்னுடையதில் பதியவே இல்லை.

"ஒன் டயரு ஜெயிச்சிருச்சு மாப்ள," என்றேன்.

"இல்ல மச்சான். எனக்கும் நடுவுல லேசா வழுக்குச்சு. நான் பிரேக்கத் தொடல, அம்புட்டுதான். நான்தான் கையைத் தூக்கி ஒன்ன விழ வச்சேன்," என்றான். வீடு வரும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அன்றைய மொத்த ஓட்டம் 121 கிலோமீட்டர். வரும்போது வத்திராயிருப்பிலிருந்து நான் ஓட்டவில்லை. வண்டியைத் தேநீர்க்கடையில் விட்டுவிட்டு அவன் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

தப்பு டயர் மேலா, என் கை மேலா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கால் சரியாக மூன்று வாரம் ஆனது. சுந்தரின் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றடியில் நீளமான பாறை ஒன்று உண்டு. அதில் மோட்டார் தண்ணீரை விட்டு, முன் சக்கரங்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கோடு முன் பிரேக்கையும் மெதுவாகப் பிடித்துப் பார்த்தோம். ஆளுக்கு ஐந்து முறை. அவன் டயரில் நாலைந்து எட்டில் நின்றது. என் டயரில் அதைப்போல இரண்டு மடங்கு தூரம். இரண்டு முறை விழப் பார்த்தேன். வெடுக்கென்று பிடித்தால் இரண்டுமே வழுக்கின. ஆக, டயரும் தப்பு, நானும் தப்பு.

இதே பக்கம் வர நினைப்பவர்களுக்கு என் கணக்கு இது. கையில் பணம் குறைவு என்றால் முன்னே பெயர்பெற்ற டயர், பின்னே மலிவு டயர் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் போனால் நேரே தரைதான். நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன். முன் டயருக்கு 4,400 ஆனது. சரளையும் கரிசலும் மட்டும் ஓட்டுகிறவருக்கு மலிவு டயரே தாராளம், மனதாரச் சொல்கிறேன். எதை வாங்கினாலும் முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். ரொம்ப நாள் கிடந்த ரப்பர் இன்னும் விறைத்திருக்கும். ஈரப் பாறையைக் கண்டால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். பாறைமேல் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். மலையடிவாரத்திலிருந்து மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடுங்கள். போகும்போது தோப்புக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். எதிரே வந்துவிட்டால் எஞ்சினை அணையுங்கள். ஹாரன் வேண்டாம், செல்போன் வேண்டாம்.

கால் சரியான பிறகு, ஒரு காலை நேரத்தில் நானும் சுந்தரும் என் மகளைக் கூட்டிக்கொண்டு பேச்சியம்மாளைப் பார்க்கப் போனோம். ஓடை வற்றியிருந்தது. நான் விழுந்த பாறையைக் காட்டினேன். ஒரு கீறல்கூட இல்லை. கரையோரச் சேற்றில், "இங்கன வா தாயி," என்று பேச்சியம்மாள் மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார். வட்டமாக, என் கையால் இரண்டு சாண் அகலத்தில் ஒரு பள்ளம். யானைப் பாதம் பதிந்த இடம். அதில் மழைத் தண்ணீர் தெளிந்து நின்றது. தண்ணீருக்குள் கடுகு போல நூற்றுக்கணக்கில் தவளைக் குஞ்சுகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. மகள் குனிந்து உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். வெயில் ஏறும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.