எலி வாத்தியாரும் முப்பத்தெட்டுப் பல்லும்

தீர்த்தகிரி அய்யாவை மதராஸ் கல்லூரியில் பையன்கள் எலி வாத்தியார் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு முன்னால் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். எலி, வௌவால், மூஞ்சூறு, மரநாய் என்று பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற பிராணிகள்தான் அவருடைய படிப்பு. நான் அங்கே விலங்கியல் கூடத்தில் அட்டெண்டர். செத்த பிராணியின் தோலை உரித்துப் பஞ்சு அடைப்பது என் வேலை. இரண்டு பேருக்கும் ஊர் கம்பைநல்லூர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதற்காகத் தூக்கிச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டதைத்தான் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில் அவருக்கு லெக்சரர் வேலை கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவர் அப்பா பச்சியப்பன், களத்தில் பத்துப் பேர் இருக்கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, காட்டை வித்து உன்னை எம்.ஏ. வரைக்கும் படிக்க வெச்சது எலிக்குப் பல்லு எண்றதுக்கா?"

"அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்கப்பா."

"அந்தச் சம்பளத்தைப் பூனைக்குக் குடுத்திருந்தா எலியையே இல்லாம பண்ணியிருக்குமே!"

களமே சிரித்தது. அய்யாவும் சிரித்தார். ஆனால் விஷயம் பல்லில்தான் இருக்கிறது. வெளியே ஒன்றுபோல இருக்கிற இரண்டு பிராணிகள் உள்ளே வேறு வேறு சாதியாக இருக்கும். வாயைத் திறந்தால்தான் குட்டு வெளியாகும்.

வத்தல்மலையில் அப்படி ஒன்று இருந்தது. மலைக்காரர்கள் மூங்கில் அணில் என்பார்கள். வாலும் உடம்பும் அணில் மாதிரி, முதுகில் வரி மட்டும் இல்லை. இது அணிலே இல்லை, வேறு இனம், நம் மலையிலும் இருக்கிறது என்று அய்யா முப்பத்து ஒன்பதில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் பெரிய புரொபசர் ராஜாமணி அதைப் படித்துவிட்டு மேசையில் போட்டார். அவர் மீன் ஆராய்ச்சிக்காரர். கெட்ட மனுஷர் இல்லை, பிடிவாதக்காரர்.

"வரி மங்கின அணிலைப் பார்த்திருக்கிறீர். மண்டையோடு எங்கே?"

மண்டையோடு இல்லை. கையில் இருந்தது பழைய தோல் ஒன்றுதான்.

நாற்பத்தொன்று ஏப்ரலில் ராஜாமணி ஓய்வு பெறவேண்டும். அவர் எழுதிக் கொடுக்கிற ஆளுக்குத்தான் அந்த நாற்காலி. ஜனவரியில் மாணவர்களை அழைத்துக்கொண்டு தருமபுரி பங்களாவில் ஐந்து நாள் தங்கினார். வந்ததுமே சொல்லிவிட்டார்: "கிளம்புவதற்குள் பல்லைக் காட்டினால் உம் பெயரை எழுதுவேன். இல்லையென்றால் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். தப்பாக எழுதினவருக்கு நான் நாற்காலி கொடுக்கமாட்டேன்."

அய்யாவும் நானும் மலை ஏறினோம். காளியன் என்கிற பெரியவர்தான் எப்போதும் எங்களுக்கு வழி காட்டுகிறவர். அவரிடம் சொன்னோம். மூன்றாம் நாள் காலையில் இலையில் பொதிந்து கொண்டுவந்தார். அய்யா ஆசையாகப் பிரித்தார். மயிரெல்லாம் தீயில் பொசுக்கி, குடல் எடுத்து, மஞ்சள் தடவி வைத்திருந்தது. தலை இல்லை.

"என்ன காளியண்ணா, இப்படிப் பண்ணிட்டீங்க!"

"விருந்தாளிக்கு மயிரோட குடுக்க நாங்க என்ன மானங்கெட்டவங்களுங்களா? குழம்பு வெச்சுப் பாருங்க, அப்புறம் சொல்லுவீங்க."

"தலை?"

"அது சாமிக்குங்க. அடிச்சவன் அதோட தலையைக் கல்லுல வெச்சிரணும். வெச்சதை எடுக்கக் கூடாதுங்க."

போய்ப் பார்த்தோம். மரத்தடியில் நட்ட கல்லுக்கு முன்னால் அந்தத் தலை இருந்தது. எறும்பு மொய்த்தது. காளியன் எட்ட நின்றார். நான் அய்யா காதில் சொன்னேன்: "அந்தாளு அப்பால போனதும் நான் எடுத்து மடியில கட்டிக்கிறேங்க."

"போடா! நம்மளை நம்பி மலையெல்லாம் கூட்டிக்கினு சுத்தின மனுஷன். கையை வெச்சுக்கினு சும்மா நில்லு."

பிறகு கல்லுக்கு முன்னால் குப்புறப் படுத்தார். தலையைத் தொடவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துப் படம் எழுதினார். மூடின வாயில் முன்பல் கொஞ்சம்தான் தெரிந்தது. வெயில் உச்சிக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. காளியன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ராஜாமணி அந்தப் படத்தைப் பார்த்து, "படம் நானும் போடுவேன். யானைக்கு இறக்கை வைத்தே போடுவேன்" என்றார். அய்யா அன்று சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம். காளியன் மலையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். கையில் மூங்கில் கூடை. உள்ளே ஏதோ தடதடவென்று ஓடியது.

"வாத்தியாரய்யா, ரத்தம் சிந்தி அடிச்சாத்தான் தலை சாமிக்கு. இது கூண்டுல வுழுந்தது, உசுரோட இருக்குது. இதுல சாமிக்குப் பங்கில்லீங்க. ஆனா ஒண்ணு. நீங்களும் கொல்லக் கூடாது. தானா செத்தா தலை உங்களுது."

"கொல்லமாட்டேன், காளியண்ணா" என்றார் அய்யா.

ராஜாமணி வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார். வால்தான் தெரிந்தது. "முனிராஜ், குளோரோபாரம் எடு" என்றார் என்னிடம்.

"வேண்டாம் சார். வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"பின்னே நான் எதைப் பார்த்து எழுதுவது? வாலைப் பார்த்தா?"

"உயிரோடவே வாயைத் திறந்து காட்டுகிறேன் சார். கனத்த துணி ஒன்று கொண்டுவரச் சொல்கிறேன்."

"அணிலுக்கு எதற்கு ஐயா துணி? நகரும்!"

கூடைக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் அலறிக்கொண்டு இழுத்தார். விரலில் ரத்தம். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள். நானும்தான்.

அவர் மட்டும் சத்தத்தை நிறுத்திவிட்டு விரலையே பார்த்தார். அணில் கடித்தால் உளி இறங்கின மாதிரி வெட்டு விழும். இதில் ஊசியால் குத்தினதுபோல வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"தீர்த்தகிரி, டிங்சர் கொண்டுவாரும். அப்படியே ஒரு காகிதமும் பேனாவும்."

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அய்யாவின் பெயரை அங்கேயே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தில் டிங்சர் கறை இருந்தது. ஜூன் மாதம் அய்யா புரொபசர் ஆனார்.

அந்தப் பிராணி எங்களிடம் பதினோரு மாதம் இருந்தது. வாழைப்பழமும் வெட்டுக்கிளியும் தின்றது. தானாகச் செத்த பிறகுதான் நான் கத்தியைத் தொட்டேன். மண்டையோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தபோது, பிடித்தவர் பெயர் என்ற இடத்தில் அய்யா 'வத்தல்மலை காளியன்' என்று எழுதினார். அந்த இடத்தில் தம் பெயரைப் போட்டுக்கொள்கிற புரொபசர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அதே களம். பச்சியப்பன் கேட்டார்: "எண்ணி முடிச்சிட்டியா? எத்தினி?"

"முப்பத்தெட்டுப்பா. அணிலுக்கு இருபத்திரண்டுதான்."

கிழவர் வாய்க்குள் விரலை விட்டுத் தம் பல்லைத் தடவி எண்ணினார். "ஒரு சாண் இல்லாத கழுதைக்கு முப்பத்தெட்டா? எனக்கு ஆறுதானேடா இருக்குது!" என்றார். அன்று சாயங்காலம் அவர் சந்தைக்குப் போய் நின்று, கண்டவனிடமெல்லாம் அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.