கோளாறு எதுவும் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் கல்வராயன் மலையில் நடந்தது இது. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மலைக்குப் போக வேண்டும் என்றாலே கடையில் மற்றவர்களுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அதனால் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை ஊருக்கு என்றால் நான்தான்.

அங்கே தினை, சாமை வாங்கும் அலுவலகம் ஒன்றின் மேனேஜர் கூப்பிட்டிருந்தார். மனைவியை இழந்தவர். கம்ப்யூட்டரில் ஆபீஸ் மெயிலோடு கலக்காமல், மற்றவர்கள் திறக்க முடியாதபடி தனக்கென்று ஒரு சொந்த மெயில் வைத்துத் தர வேண்டும் என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். ஒரே மகள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். இவர் அப்போது வாய்க்கு வந்ததைப் பேசியதால், அவள் போனையே எடுப்பதில்லை. ஆபீஸ் மெயிலில் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் மூலமாகத்தான் பதில் வந்ததாம்: "ஆபீசே படிக்கிற மெயில்ல நான் இன்னா எழுதறது?"

இரண்டையும் பிரித்து வைத்தேன். என் மெயிலிலிருந்து 'டெஸ்ட்' என்று அனுப்பிப் பார்த்தேன். உடனே வந்தது. "வந்துடுச்சிம்மா!" என்று அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி மகளுக்கு எழுதினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அடுத்த வாரமே போன். "இன்னாம்மா செஞ்சிட்டுப் போன? மெயிலே வர மாட்டேங்குது."

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு மேலே போனேன். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு 'டெஸ்ட்' அனுப்பினேன், வந்தது. சொல்லிவிட்டு இறங்கினேன். சில நாளில் மறுபடி போன், மறுபடி அதே கதை.

கடைசியாகப் போனபோது நல்ல மழை. தொப்பலாக நனைந்திருந்தேன், மகா எரிச்சல். அவர் திறந்து வைத்திருந்த சொந்த மெயிலை விறுவிறுவென்று பார்த்தேன். உள்ளே டெஸ்ட், டெஸ்ட், டெஸ்ட். எல்லாம் நான் அனுப்பியவை. வேறு ஒன்றுமே இல்லை. ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை.

எரிச்சல் போய் மனசு கனத்துவிட்டது. ஆனாலும் பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது. "கோளாறு எதுவும் இல்லீங்க சார். அனுப்புனாங்கன்னா கண்டிப்பா வந்துடும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காலையிலேர்ந்து இதையே பாத்துக்கினு குந்தியிருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா கொறைஞ்சா பூடுவ?" என்றார். அதட்டலாக இல்லை, கெஞ்சலாக இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீபோர்டில் எதையோ தட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். "லைன்ல சிக்னல் கம்மியா வருதுங்க சார். மழை விட்டா சரியாயிடும்" என்றேன். வாடிக்கையாளரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

"அதானே பாத்தேன்" என்று தலையாட்டினார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. மகள் எழுதினாளா என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லப் போகும்போது, அதைக் கேட்டு உடைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள் என்ற நினைப்பில் ஒரு கணம் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.