'அவர்' என்கிற ஃபோல்டர்

எங்க ஆபீஸ்ல அவளுக்குத் தூசி அக்கான்னு பேர். கண்ணு தெரியாதவங்களுக்காகப் புத்தகங்களை வாசிச்சுப் பதிவு பண்ற இடம் இது. வாசிப்புக்கு நடுவுல வர்ற இருமல், செருமல், நாற்காலி முனகல்னு குரல்ல ஒட்டின தூசி எல்லாத்தையும் வெட்டி எடுக்கறது அக்கா வேலை. அதுல அவ எமகாதகி.

வாசிச்சவர் அவ புருஷன். நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். மனுஷன் நாலு வரி படிச்சார்னா, அடுத்த வரிக்குள்ள பதிவு ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற பொண்டாட்டிகிட்ட ஏதாவது கேட்டாகணும். அக்கா தலையில அடிச்சுப்பா. போன வருஷம் மாரடைப்புல போயிட்டார். புத்தகங்கள்ல அவர் குரல் இன்னும் கணீர்னு இருக்கு. ஆனா அவகிட்ட பேசினது எதுவும் அதுல இல்ல, எல்லாத்தையும் அவளே வெட்டியாச்சே. வெட்டாத பதிவெல்லாம் 'அவர்'னு ஒரு ஃபோல்டர்ல இருந்துச்சு. மத்தியானம் சாப்பிட்டதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு அதைக் கேட்பா. அந்த நேரத்துல நாங்க யாரும் அவ பக்கமே போக மாட்டோம்.

அந்த ஃபோல்டர் நிஜத்துல அங்க இல்ல. இடம் பத்தலைன்னு எப்பவோ இன்னொரு டிஸ்க்குக்கு மாத்திட்டு, பழைய இடத்துல ஒரு லிங்க் மட்டும் வச்சிருந்தா. வீடு மாறினவங்க பழைய வாசல்ல புது விலாசத்தை எழுதி ஒட்டற மாதிரி. தினம் தினம் திறந்து பழகினதுல, அது லிங்க்குங்கறதே அவளுக்கு மறந்துபோச்சு.

புது மெஷின் வந்துச்சு. நட்சத்திரக் குறி போட்டா 'இங்க இருக்கிற எல்லாம்'னு மெஷினுக்கு அர்த்தம்; அதைப் போட்டு எல்லாத்தையும் அப்படியே காப்பி பண்ணா. நட்சத்திரம் பேரைத்தான் பார்க்கும். பேருக்குப் பின்னால ஆள் இருக்காங்களான்னு கேட்காது. லிங்க், லிங்க்காவே வந்து சேர்ந்துச்சு, அது காட்டின பதிவு எதுவும் வரல. ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டுச் சரி பார்த்தா, ஒரு பேர் கூடக் குறையல. அப்புறம் பழைய டிஸ்க்குகளை, அந்த இன்னொரு டிஸ்க்கையும் சேர்த்து, அவ கையாலயே அழிச்சா.

மறுநாள் மத்தியானம் ஃபோல்டர் திறக்கல. நட்சத்திரம் போட்டா 'அவர்' இருக்கார். பின்னாலயே ஒரு சாய்கோடும் போட்டு, உள்ளே போகக்கூடிய ஃபோல்டரை மட்டும் காட்டுன்னு கேட்டா 'அவர்' இல்ல. அதையும் இதையும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டே இருந்தா. அவளுக்கு அந்தக் குரல் வேணும், வேற ஒண்ணும் வேண்டாம். செத்த லிங்க்கை எதுக்கு வச்சிருக்கே, அழிச்சிடுன்னார் மேனேஜர், புண்ணியவான்.

"பேராவது இருந்துட்டுப் போகட்டும் சார்"னா அக்கா.

குப்பையைக்கூடத் தூக்கிப் போடற பழக்கம் எனக்குக் கிடையாது. அதுக்கு வீட்லயும் திட்டு, ஆபீஸ்லயும் திட்டு. அன்னிக்கு அந்தக் குப்பைதான் கைகொடுத்துச்சு. வேலை கத்துக்கிட்டப்போ மாமா பதிவுலேர்ந்து நான் வெட்டின ஒரு துண்டு என் மெஷின்ல கிடந்துச்சு. அந்த லிங்க் எந்த விலாசத்தைக் காட்டுதோ, அதே விலாசத்துல புது மெஷின்ல ஒரு ஃபோல்டரை உண்டாக்கித் துண்டை உள்ளே போட்டேன். லிங்க்கைத் தொடவே இல்ல. இப்ப சாய்கோடு போட்டுப் பாருக்கான்னேன்.

'அவர்' வந்தார்.

அக்கா ஹெட்ஃபோனை மாட்டினா. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு இருமல், அப்புறம் மாமா கேட்பார்: "தலைவலின்னியே, இப்ப எப்படி இருக்கு?" துண்டு அதோட முடிஞ்சிடும்.

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலியா கிடந்த நாற்காலியைப் பார்த்து, "இன்னும் போகலைங்க"ன்னா.