மே மாதத்தில் சொன்ன சாட்சி

ஜான்சிக்கு வலது கை ஆள்காட்டி விரலில் ஏழு வருடங்களாக வலி. நகத்துக்கு அடியில், ஒரே இடத்தில். நகத்தில் லேசான நீலம் தெரியும், அவ்வளவுதான். வீங்கவில்லை, சீழ் வைக்கவில்லை. அதுதான் அவளுடைய துரதிர்ஷ்டம்.

புனேவை ஒட்டிய சாகணில் காருக்கான ஒயர்களைக் கட்டும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பிளாஸ்டிக் முனையை விரலால் அழுத்தி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை பொருத்த வேண்டும். அழுத்தும்போதெல்லாம் வலி தோள்வரை ஏறும். நடுவிரலால் அழுத்தப் பழகினாள். வேகம் குறைந்தது. "என்ன மேடம், நெயில் பாலிஷ் இன்னும் காயலையா?" என்று சூப்பர்வைசர் இந்தியில் கேட்டுச் சிரித்தான்.

கட்கியில் வீட்டுப் பக்கத்து டாக்டர் நகச்சுத்தி என்று சொல்லி நகத்தைப் பிடுங்கினார். நகம் முளைத்தது, வலி போகவில்லை. இன்னொருவர் கழுத்து எலும்பில் கோளாறு என்று பட்டை மாட்டிவிட்டார். மூன்றாமவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று அவள் கணவன் அமல்ராஜைக் கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். அமல்ராஜுக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

"பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் வலிக்குது. டிவி பாக்கறப்ப வலிக்கல. அது எப்டி?"

பாத்திரம் கழுவும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

பிறகு சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். நீ யாரையோ மன்னிக்காமல் வைத்திருக்கிறாய், அதுதான் காரணம் என்றார்கள். எவ்வளவு யோசித்தும் யாரும் அகப்படவில்லை. கடைசியில் நாத்தனாரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"தெரியல அண்ணி."

அது மே மாதம். புனே கொதித்துக்கொண்டிருந்தது. வலி தணிந்து, கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அமல்ராஜ் பேர் கொடுத்து அவளைச் சபையில் சாட்சி சொல்ல வைத்தான். மைக் முன்னால் நின்று, ஆண்டவர் தொட்டார் என்று சொல்லி அழுதாள். நிஜமாகவே நம்பினாள்.

மழையோடு வலி திரும்பியது. டிசம்பரில் கம்பெனி பஸ்ஸின் மூடாத ஜன்னலோரம், விரலை வாய்க்குள் வைத்துச் சூடாக்கியபடி வேலைக்குப் போனாள். வீட்டில் சொன்னபோது அமல்ராஜ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தன பேர் முன்னாடி சாட்சி சொன்னவ நீ. இப்ப வலிக்குதுன்னா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? வாய மூடிக்கிட்டு இரு."

அடுத்த குளிர்காலம்வரை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் குழாயடியில் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டதை மகள் ஜெனிபர் பார்த்தாள்.

"மம்மி, போதும். நாளைக்கு லீவு போடு."

பெரிய ஆஸ்பத்திரியில் கை ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா, "குளிர்ல வலி ஜாஸ்தியாகுமா?" என்று முதலில் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. குண்டூசித் தலையால் நகத்தை அங்கங்கே தொட்டார். ஒன்றுமில்லை. ஒரு புள்ளியில் ஜான்சி அலறினாள். பிறகு பி.பி. பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதே புள்ளியைத் தொட்டார். வலிக்கவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் வலித்தது.

"இது உங்க கற்பனை இல்ல," என்றார். குளிருக்கும் சூட்டுக்கும் ஏற்ப ரத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் எல்லோர் விரல் நுனியிலும் உண்டு. அவளுக்கு அதில் ஒன்று கட்டியாக வளர்ந்திருக்கிறது. க்ளோமஸ் கட்டி. அபூர்வம். பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

"எதனால வந்துச்சு?"

"தெரியாது. அநேகமா யாருக்குமே காரணம் தெரியறதில்ல."

காரணம் தெரியாது என்று ஒருவர் சொல்லிக் கேட்க ஜான்சிக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணியிடம் கைகூப்பி நின்றது நினைவுக்கு வந்து, அந்த நிம்மதியும் கசந்தது.

வெட்டியெடுத்தது மிளகைவிடச் சிறியது. பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்ததும் அமல்ராஜ் எல்லோருக்கும் போன் செய்தான். "பயப்பட ஒண்ணும் இல்ல. மொளகு சைசுதான். இதுக்குத்தான் இத்தன வருசம் ஆர்ப்பாட்டம்!"

சனிக்கிழமை அவளிடம் வந்தான். "நாளைக்குச் சாட்சிக்கு உன் பேர் குடுத்துட்டேன். டாக்டர் கையால ஆண்டவர் சொகம் குடுத்தார்னு சொல்லு. மே மாசத்தப் பத்திப் பேசாத."

"நீங்களே சொல்லுங்க," என்றாள் ஜான்சி. "ஆரம்பத்துலேர்ந்து வலிக்காத ஆளு நீங்கதானே."

அமல்ராஜ் போய்ச் சொன்னான். மனைவி பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் குரல் தழுதழுத்ததாம். சபையிலிருந்து ஒரு அம்மா போன் செய்து ஜான்சியிடம் சொன்னார்: "இப்டி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா."