மணிக்கட்டில் கறுப்புக் கயிறு

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் போகும் பஸ்ஸில் ஒரே ஒரு முறைதான் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். என் மடியில் திருத்த எடுத்துவந்த பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகள். வெளியே மழை. எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தார். பின்னாலிருந்தவர்கள் கத்தினார்கள். மூடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தார். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், திடீர்னு நெஞ்சுலயிருந்து தீ மாதிரி ஏறுது. மலையில நிக்கிறப்பவும் வேர்த்துக் கொட்டுது. தூக்கமே இல்ல. சும்மா சும்மா அழுகை வருது. முனி அடிச்சிருச்சுன்னு கயிறு கட்டியிருக்காங்க."

"மாசாமாசம் ஒழுங்கா வருதாங்க?"

"ரெண்டு மாசம் வராது. வந்தா நிக்காது."

அவருக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து.

"இது முனி இல்லைங்க, தீட்டு நிக்கப்போற வயசு. எனக்கும் இருக்கு. கிளினிக்ல காட்டி மருந்து எடுக்கிறேன், இப்ப பரவாயில்ல. நீங்களும் போய்க் காட்டுங்க. நிக்காமப் போறத அப்படியே விடக் கூடாது."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். இன்னும் இருண்டது.

"முனின்னா தோட்டத்துக் கங்காணி ரெண்டு நாள் வேலைக்குக் கூப்பிடாம வீட்டுல இருக்க விடுறாரு. வீட்டுக்காரரும் கிட்ட வர்றதில்ல. வயசுன்னு சொன்னா யாரு விடுவா டீச்சர்?"

இறங்கும் இடம் வந்ததும், தளர்ந்திருந்த கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு மழைக்குள் போனார்.

வகுப்பில் எனக்குச் சூடு ஏறினால் ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறேன். அதற்கு எனக்கு எந்த முனியும் தேவைப்படவில்லை.